கண்மாய்க்குக் கீழே அடுக்குமாடிக் குடியிருப்பு: சுற்றுச்சூழல் பாதிப்பை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி (மதுரை வடக்கு, பகுதிவாசி)

வணக்கம். எங்கள் ஊர்க் கண்மாயின் ஆயக்கட்டில் (அதன் பாசனப் பரப்பில்) தரிசாகக் கிடக்கும் ஒன்பது ஏக்கர் நஞ்சையில் 400 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு வரவிருக்கிறது. கட்டுமான நிறுவனத்தின் விளக்கக் குறிப்பில் மரம் நடுவதும் சூரிய ஒளி விளக்குகளும் விரிவாக இடம்பெற்றுள்ளன. கண்மாய் நிரம்பி மறுகால் போகும்போது தண்ணீர் அந்த நிலத்தின் ஓரமாகத்தான் ஓடுகிறது என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இத்தகைய திட்டத்துக்கு மதிப்பீடு கட்டாயமா, கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்குமா, நாங்கள் எதைக் கவனித்துக் கேட்க வேண்டும் என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1 (வழக்கறிஞர்)

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, எல்லாத் தளங்களும் சேர்ந்த கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டாலே மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்தின் முன் அனுமதி தேவை. 400 வீடுகள் என்றால் பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டிவிடும். ஆனால் 1,50,000 சதுர மீட்டருக்குக் குறைந்த திட்டங்களுக்கு முழு ஆய்வறிக்கை கேட்கப்படுவதில்லை. படிவம் 1 (விண்ணப்பம்), படிவம் 1அ (கட்டுமானத் திட்டங்களுக்கான கேள்விப் பட்டியல்), திட்ட வரைவு ஆகியவையே போதும். குடியிருப்புத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பும் கிடையாது. ஆகவே, யாரும் அழைப்பார்கள் என்று காத்திராமல், விண்ணப்பம் பரிவேஷ் (மத்திய அரசின் சுற்றுச்சூழல் அனுமதி) இணையதளத்தில் ஏறியவுடனேயே மாநில ஆணையத்துக்கு எழுத்துமூலம் ஆட்சேபம் அனுப்புங்கள். ஒரே திட்டத்தை இரண்டு மூன்று கட்டங்களாகப் பிரித்து 20,000க்குள் காட்டுகிறார்களா என்பதையும் பாருங்கள். அனுமதி வழங்கப்பட்டுவிட்டால், தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாட்கள்தாம் உண்டு.

பதில் 2 (ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர்)

சட்டத்தைச் சகோதரர் சொல்லிவிட்டார். நான் தண்ணீரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். படிவம் 1அ, இயற்கையான வடிகால் அமைப்பு மாற்றப்படுமா என்று நேரடியாகக் கேட்டு, அதைச் சம உயரக் கோட்டு வரைபடத்தில் காட்டவும் சொல்கிறது. அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்ற ஒற்றைச் சொல்லை ஏற்காதீர்கள். வரப்புள்ள வயல் மழையைத் தேக்கி மெதுவாக விடும். அதே இடத்தை மேடாக்கிச் சிமெண்ட் போட்டால் நிலைமை தலைகீழாகும். ஒன்பது ஏக்கரில் ஒரே நாளில் 50 மில்லிமீட்டர் பெய்தால் விழும் தண்ணீர் ஏறத்தாழ 18 லட்சம் லிட்டர். அதில் எவ்வளவு வெளியேறும், எந்த வாய்க்கால் வழியாக, அந்த வாய்க்கால் அதைத் தாங்குமா என்பதற்குக் கணக்கு வேண்டும். 2024 அக்டோபரில் செல்லூரில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம்.

அடுத்தது குடிநீரும் கழிவுநீரும். வீட்டுக்கு ஐந்து பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வைத்தால் தினமும் 2,70,000 லிட்டர் தேவை. அது மாநகராட்சிக் குழாயிலிருந்தா, ஆழ்துளைக் கிணற்றிலிருந்தா, லாரியிலிருந்தா? பயன்பட்ட நீரில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராகத் திரும்பும்; சுத்திகரிப்பு நிலையம் பழுதாகிற நாளில் அது கண்மாய் வாய்க்காலைத்தான் தேடும். மதுரை வழியாக ஓடும் கிருதுமால் நதி சாக்கடையானதும் இப்படித்தான், வீடு வீடாக. கோடையில் எடுத்த அளவீடுகளை மட்டும் காட்டினால் மறுத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மறுகால் பாயும்போது நிலத்தடி நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்பதை வைத்தே அடித்தளத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

பதில் 3 (நகரமைப்பு மாணவி)

ஐயா சொன்னதை ஏற்கிறேன், ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. அதே ஒன்பது ஏக்கரை மனைகளாகப் பிரித்து விற்றால், 50 ஹெக்டேருக்குக் குறைந்த மனைப்பிரிவு என்பதால் இந்த மதிப்பீடே வராது. வாய்க்கால்கள் ஒவ்வொன்றாக மூடப்படும், யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். அடுக்குமாடிக்காவது நிபந்தனை விதிக்க வாய்ப்பிருக்கிறது. எனவே திட்டமே வேண்டாம் என்று மட்டும் எழுதாமல், மறுகால் ஓடையின் முழு அகலத்தையும் திறந்த வெளியாக ஒதுக்கக் கோருங்கள்.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. புலப்படமும் (நில அளவை வரைபடம்) அ-பதிவேட்டின் (கிராம நிலப் பதிவேடு) நகலும் வாங்கி, ஓடை எந்தப் புல எண்ணில் எவ்வளவு அகலத்தில் பதிவாகியிருக்கிறது என்று முதலில் பார்க்கிறோம். மறுகால் மட்டத்தை அளந்து காட்ட ஐயாவால் ஒருநாள் கண்மாய்க்கரைக்கு வர இயலுமா?