கதையில் வரும் ஆளுக்கு அறை கட்டுவது: உங்கள் அனுபவம் என்ன?

கோவையிலிருந்து:

வீட்டு உள்வேலை எடுத்துச் செய்பவன் நான். அஞ்சல் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வந்து, மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அறை ஒன்று சும்மா கிடக்கிறது, அதைத் துப்பறியும் கதைகளில் வரும் ஷெர்லாக் ஹோம்ஸ் அறையாக மாற்றித் தர முடியுமா தம்பி என்று கேட்டார். போனில் படங்கள் வேறு வைத்திருந்தார். தொப்பியும் பைப்பும் அச்சடித்த வால்பேப்பர், பூதக்கண்ணாடி வடிவக் கடிகாரம், எல்.இ.டி. நெருப்பு எரியும் போலிக் கணப்பு. எல்லாம் ஆன்லைனில் கிடைக்கும், ஒட்டிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. கோயமுத்தூர் வெயிலில் பொய் நெருப்பு எதற்கு?

ஐயா, அந்த ஆள் வீட்டில் என்னென்ன செய்வான் என்று சொல்லுங்கள், அதிலிருந்து ஆரம்பிப்போம் என்றேன். பள்ளிக்கூட நாளில் இருந்து படிக்கிறவர், மடமடவென்று கொட்டிவிட்டார். ‘மஸ்கிரேவ் ரிச்சுவல்’ கதையின் தொடக்கத்தில், ஹோம்ஸோடு ஒரே வீட்டில் இருந்த நண்பர் வாட்சன் ஒரு பாட்டம் புலம்புவார் இல்லையா, அது மொத்தமும். சுருட்டு இருக்கும் இடம் கரி வாளி. புகையிலை இருப்பது பாரசீகச் செருப்பின் நுனியில். பதில் போடாத கடிதங்களைக் கணப்புக்கு மேலே இருக்கும் மரப்பலகையில் கத்தியால் குத்தி வைத்திருப்பான். போதாததற்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே எதிர்ச் சுவரில் சுட்டு, குண்டுத் துளைகளாலேயே விக்டோரியா ராணியின் ‘வி.ஆர்.’ எழுத்துகளைப் போட்டு வைப்பான்.

இதில் ஒன்றுகூட அலங்காரச் சாமான் கிடையாது. எல்லாமே இருக்கக்கூடாத இடத்தில் இருக்கிற பொருள்கள், அவ்வளவுதான். அதைப் பிடித்துக்கொண்டோம்.

கணப்பு வேண்டாம் என்று முடிவு. காரைக்குடியில் பழைய வீட்டு மரம் விற்கும் கடைகள் இருக்கின்றனவே, அங்கே ஒரு தேக்கு நிலைக்கால் எடுத்து வந்து நெஞ்சு உயரத்துக்குப் பலகையாகப் பதித்தோம். பேரக்குழந்தைகள் வந்து போகிற வீட்டில் கத்தி ஆகாது, குத்தி வைப்பதும் வேண்டும். கடைசியில் மளிகைக் கடைகளில் பில் குத்தி வைக்கும் கம்பி இருக்கிறது பாருங்கள், அதைப் பலகையில் ஓட்டை போட்டு நிறுத்தி, முனையில் ஒரு கார்க் மூடி. கட்டாத கரண்டு பில், பதில் எழுதாத கல்யாணப் பத்திரிகை எல்லாம் இப்போது அதில்தான் தொங்குகின்றன. கடிதங்களோடு வாழ்க்கையைக் கழித்தவருக்கு அது எப்படிப் பொருந்தியது என்றால், வால்பேப்பர் தொப்பி ஆயிரம் ஒட்டினாலும் அந்தப் பொருத்தம் வராது.

செருப்பு விஷயத்தில்தான் வீட்டம்மா குறுக்கே நின்றார். செருப்பைக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டுவதா, அதற்குள் வாயில் போடும் பண்டத்தை வேறு வைப்பதா, தலைமுறைக்கும் நடக்காது என்றுவிட்டார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. பெரியவர் புகைக்கிறவரும் இல்லை, சீவல் போடுகிறவர். பழைய கேமரா உறை ஒன்று அட்டத்தில் கிடந்தது, சீவல் அதற்குள் போயிற்று. மூக்குக் கண்ணாடி பித்தளைக் கூஜாவில். கரி வாளிக்குப் பதிலாக இஸ்திரிப் பெட்டி, கரி போட்டுத் தேய்க்கிற பழைய மாடல். மூடியைத் திறந்தால் உள்ளே பேனாக்கள்.

அப்புறம் குண்டுத் துளை. ராணி பெயர் நமக்கெதற்கு, இந்த வீட்டு ராணி பெயரெழுத்தைப் போடுங்கள் என்றார் பெரியவர். ‘ம’ எழுத்து. “ஏனுங்க, செவுத்துல ஓட்டை போடறதுக்குக் கூலி வேற குடுக்கோணுமா?” என்று அம்மா கீழேயிருந்து சத்தம் போட்டார், ஆனால் எழுத்து என்ன என்று தெரிந்ததும் பேச்சைக் காணோம். செய்ய நினைக்கிறவர்களுக்கு ஒன்று: டிரில்லில் ஒரே பிட் மாட்டி ஒரே ஆழத்துக்குப் போட்டால் ஆணிப்பலகை மாதிரிதான் இருக்கும். நாங்கள் ஆழத்தை மாற்றி மாற்றிப் போட்டு, ஒவ்வொரு ஓட்டையின் விளிம்பையும் சிற்றுளியால் லேசாகத் தட்டிப் பூச்சை உதிர்த்தோம். இரண்டு மூன்று ஓட்டைகளை வரிசையை விட்டு வெளியே தள்ளியும் போட்டோம். உட்கார்ந்தபடி சுடுகிறவன் எல்லாக் குண்டையும் குறியில் வைப்பானா என்ன?

லண்டனிலிருந்து:

அண்ணா, இங்கே அந்த அறை ஒன்றுக்கு இரண்டாக இருக்கிறது, இரண்டையும் பார்த்திருக்கிறேன். கதையில் ஹோம்ஸ் வீட்டு விலாசம் பேக்கர் தெரு 221பி. ஆனால் கதை எழுதிய காலத்தில் அந்தத் தெருவில் 221 என்ற அளவுக்குக் கதவு எண்ணே கிடையாது, பின்னால்தான் தெரு நீண்டது. 1990இல் திறந்த ஹோம்ஸ் அருங்காட்சியகம் உண்மையில் 237க்கும் 241க்கும் நடுவில் இருக்கிறது, வாசலில் மட்டும் 221பி. கதையில் ஹோம்ஸ் வாட்சனிடம் அறைக்கு ஏறப் பதினேழு படி என்று சொல்வாரே, அதனால் ஏறும்போது எல்லாரும் வாய்க்குள் எண்ணிக்கொண்டே ஏறுகிறார்கள், நானும்தான். இன்னொன்று நார்தம்பர்லேண்ட் தெருவில், ஒரு மதுக்கடையின் மாடியில். 1951 பிரிட்டன் விழாவுக்காகச் செய்த அறை அது, நியூயார்க் வரை போய்வந்து 1957இல் இங்கே குடியேறியது. அதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க முடியும். சாமான்கள் ஏராளம், நேர்த்தியும் அதிகம், ஆனால் எனக்கு நகைக்கடை ஷோகேஸ் பார்த்த நினைப்புதான் வந்தது. உங்கள் பெரியவருடைய கரண்டு பில் அதைவிட மேல்.

நாகோயாவிலிருந்து:

எங்கள் பக்கம் ஹோம்ஸ் இல்லை, டோட்டோரோ. மியாசாகி இயக்கிய ஜப்பானிய அனிமேஷன் படத்தில் வரும் கொழுத்த காட்டுப் பிராணி அது. 1988இல் வந்த அந்தப் படத்தின் சட்சுகி, மெய் என்ற இரண்டு சிறுமிகளின் வீட்டை 2005 ஐச்சி உலகக் கண்காட்சிக்காக முழு அளவில் கட்டினார்கள், மியாசாகியின் மகன் கோரோ பொறுப்பில். கண்காட்சி முடிந்தும் இடிக்கவில்லை, இப்போது அது, படத்தை எடுத்த ஜிப்ளி நிறுவனத்தின் பெயரில் உள்ள ஜிப்ளி பூங்காவுக்குள் வந்துவிட்டது. ஃபுஜிகாஓகாவில் இருந்து லினிமோ ரயில் பிடித்தால் போய்விடலாம்.

குழந்தைகளை அழைத்துப் போனால் முதலில் எல்லாரும் தேடுவது அந்தக் கொழுத்த பிராணியைத்தான். வீட்டுக்குள் நான் பார்த்தவரை ஒரு பொம்மை இல்லை. அதற்குப் பதிலாக இழுப்பறைகளைத் திறக்கலாம்! எங்கள் பெண் சமையலறையில் ஒன்றை இழுத்தாள், பாத்திரம் இருந்தது. அலமாரியைத் திறந்தாள், மடித்த துணி. அப்பாவின் படிப்பறை நிறையப் புத்தகமும் காகிதமும். உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள், அதனால் எல்லாரும் கையால்தான் பார்க்கிறார்கள். முக்கால்வாசி ஜப்பானிய வீடு, ஒரு மூலையில் மட்டும் மேல்நாட்டு பாணி அறை ஒட்டிக்கொண்டிருக்கும், அந்த ஒட்டுப்போட்ட தன்மைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பிராணிக்கு வீட்டுக்குப் பின்னால் மேட்டின்மேல் மரத்தால் தனியாகச் சிலை செய்து வைத்திருக்கிறார்கள்.

கோவை அண்ணாவிடம் ஒரு கேள்வி. எங்கள் பெண்ணுக்கு ஊர் வீட்டில் இப்படி நிறைய இழுப்பறை உள்ள சுவர் ஒன்று செய்யலாம் என்று யோசிக்கிறேன். இழுப்பறை வழுக்கி ஓட இரும்புச் சேனல் போடவா, வேண்டாமா?

கோவையிலிருந்து:

சேனல் போட்டால் ஒரே சீராக வழுக்கிக்கொண்டு வரும், திறக்கிற வேடிக்கையே போய்விடும். மரத்தின்மேல் மரம் ஓடட்டும் தம்பி. குழந்தை இழுக்கிறது என்பதால் பின்பக்கம் ஒரு தடுப்புக்கட்டை மட்டும் மறக்காமல் வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பெட்டியோடு காலில் விழும். மழைக்காலத்தில் மரம் உப்பி இறுகத்தான் செய்யும், ஓடும் இடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டால் போதும். எண்ணெய் வேண்டாம், தூசி பிடித்து இன்னும் மோசமாகும். இரண்டு இழுப்பறையைப் பூட்டியே வைத்துச் சாவியை வேறொன்றில் போட்டு வையுங்கள், மிச்சத்தை அவளே பார்த்துக்கொள்வாள்.