தோட்டத்து வீடு குழு: ஏசியில் தொடங்கி கோபர் கேஸ் வரை

பொள்ளாச்சி அத்தை: மாடி அறைக்கு ஒரு ஏசி போடலாம் என்று மாமா சொல்கிறார். ஒன்றரை டன் போதுமா? தென்னந்தோப்புக்குள் வீடு இருந்தும் இந்த வருடம் ராத்திரி பத்து மணிக்குக்கூட படுக்க முடியவில்லை, சுவரைத் தொட்டால் சுடுகிறது.

திருப்பூர் சித்தப்பா: இங்கேயும் அப்படித்தான் அம்மிணி. வைகாசி பாதி ஆகியும் ஒரு மழை இல்லை.

நான்: அத்தை, வாங்குவதற்கு முன்னால் ஒன்று கேளுங்க. சுவர் சுடுகிறது என்றால் மொட்டை மாடி பகலெல்லாம் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு ராத்திரி கீழே இறக்குகிறது என்று அர்த்தம். போன வருடம் எங்கள் மாடிக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு இரண்டு கோட் அடித்தோம். அதற்கு முன்பு மதியத்தில் செருப்பில்லாமல் அங்கே கால் வைக்க முடியாது, இப்போது இரண்டு மணிக்குப் போய் வற்றலைத் திருப்பிப் போட்டுவிட்டு வருகிறேன். முக்கால்வாசி ராத்திரிகளுக்கு ஃபேனே போதும் என்று ஆகிவிட்டது.

பொள்ளாச்சி அத்தை: அப்போ ஏசியே வேண்டாம் என்கிறாயா கண்ணு? மாமாவுக்கு பிரஷர் இருக்கிறது, தூக்கம் கெட்டால் மறுநாள் எழவே முடிவதில்லை.

நான்: ஐயோ, அப்படிச் சொல்லவில்லைங்க. மாமாவுக்குக் கட்டாயம் வேண்டும். முதலில் பூச்சு, அப்புறம் ஏசி, அவ்வளவுதான். வாங்கியதும் 24லேயே விடுங்கள், ஃபேனையும் மெதுவாக ஓட விடுங்கள். 2020லிருந்து இங்கே விற்கும் ஏசியெல்லாம் ஆன் செய்ததும் 24இல் தொடங்க வேண்டும் என்று விதியே இருக்கிறது, நாம்தான் ரிமோட்டை எடுத்து 18க்கு இறக்கிவிடுகிறோம். ஒரு டிகிரி ஏற்றி வைத்தாலே சுமார் 6 சதவீதம் கரண்ட் மிச்சமாகும். அப்புறம் இன்னொன்று, இதை யாருமே சொல்வதில்லை. ஏசிக்குள் இருக்கும் கேஸ் வெளியே போனால் அது கரியமில வாயுவைவிடப் பல நூறு மடங்கு சூட்டைப் பிடித்து வைக்கும். புது மெஷின்களில் வரும் ஆர்-32 ஒரு கிலோ கசிந்தால் சுமார் 675 கிலோ கரியமில வாயு விட்டதற்குச் சமம், பழைய ஆர்-22 என்றால் 1,800 கிலோவுக்கு. அதனால் வருடா வருடம் கேஸ் நிரப்ப வேண்டியிருந்தால் கசிவை அடைக்கச் சொல்லுங்கள், நிரப்பிவிட்டு மட்டும் போக விடாதீர்கள். மெஷினைக் கழற்றி வேறு அறைக்கு மாற்றும்போதும் கேஸைத் திறந்துவிட விடக்கூடாது.

அண்ணன்: நல்ல விஷயம்தான். ஆனால் எனக்கு ஒரு கேள்வி. நாடு நாடாக நிலக்கரியை எரித்துக்கொண்டிருக்கும்போது பொள்ளாச்சியில் ஒரு வீட்டில் 24 வைத்து என்ன ஆகப்போகிறது? சண்டைக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

நான்: கேட்க வேண்டிய கேள்விதான் அண்ணா. பெரிய மாற்றம் மின்நிலையத்திலும் அரசாங்கத்திலும்தான் வர வேண்டும், அதில் எனக்கும் சந்தேகம் இல்லை. 2024தான் அதுவரை பதிவானதிலேயே சூடான வருடம், தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முந்தைய காலத்தைவிட சுமார் ஒன்றரை டிகிரி கூடுதல். அதை நம் வீடு மட்டும் இறக்கிவிடாது. ஆனால் அந்த நிலக்கரி யாருக்காக எரிகிறது? நம் நாட்டில் ஒரு யூனிட் கரண்டுக்குச் சராசரியாக 700 கிராம் கரியமில வாயு வெளியேறுகிறது. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், இப்போது வரும் பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டில் அதே காற்றைத் தரும். எங்கள் வீட்டில் ஐந்து ஃபேன், ஒவ்வொன்றும் நாளைக்குப் பதினைந்து மணி நேரம் ஓடும், கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டு மாத பில்லில் 200 யூனிட் குறையும், 140 கிலோ கரியமில வாயு. ஒரு வீட்டுக்கே இவ்வளவு. நம் குழுவில் எத்தனை வீடு இருக்கிறது? யாரும் காற்று இல்லாமல் உட்கார வேண்டியதில்லை, ஃபேனை மாற்றினால் போதும். இது சின்ன விஷயம் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

திருப்பூர் சித்தப்பா: கண்ணு சொல்வது சரி. எங்கள் தொழிலில் நிறையப் பேர் கரண்ட் செலவுக்குப் பயந்து உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலை போட்டார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மே மாதம் தொடங்கினால் செப்டம்பர் வரை அடிக்கும். ஒரு வழக்கம் சொல்கிறேன், காசே செலவில்லை. வாஷிங் மெஷின், கிரைண்டர், தண்ணி மோட்டார் எல்லாவற்றையும் பகல் பதினொன்றிலிருந்து மூன்றுக்குள் ஓட்டுங்கள், அப்போது சோலார் கரண்ட் நிறைய வரும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எல்லா வீட்டிலும் சுவிட்சைப் போடும்போது வெயில் இருக்காது, அந்த நேரத்துத் தேவைக்குப் பெரும்பாலும் நிலக்கரியைத்தான் கூட்டி எரிக்க வேண்டும்.

பெரியம்மா: மாவாட்டுவதை மத்தியானத்துக்கு மாற்றிக்கொள்கிறேன். எனக்கும் அதுதான் வசதி.

பெரியப்பா: எல்லாம் படித்தேன். அடுத்த ஞாயிறு குலதெய்வத்துக்குப் பொங்கல், கிடா விருந்து, மறந்துவிடாதீர்கள். போன முறை 200 பேருக்குச் சமைத்து 130 பேர்தான் சாப்பிட்டார்கள். மிச்சச் சோற்றை மாட்டுக்குக் கொட்டவும் முடியாது, அரிசிச் சோறு அதிகம் தின்றால் வயிறு உப்பி உருப்படியே போய்விடும். குழி தோண்டித்தான் மூடினேன். அன்று முழுக்க மனசு சரியில்லை.

நான்: பெரியப்பா, அது எனக்கும் மறக்கவில்லைங்க. குழிக்குள் காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் வரும், இருபது வருடக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட 80 மடங்கு சூடாக்கும். உலகத்தில் உண்டாகும் வெப்ப வாயுக்களில் 8 முதல் 10 சதவீதம் வீணாகும் உணவால்தான் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024இல் சொன்னது. நெல்லுக்கு விட்ட தண்ணி, போட்ட உரம், வண்டி வாடகை, அடுப்பு கேஸ், அத்தனையையும் சேர்த்துத்தான் அந்தக் குழியில் மூடினோம். ஆமாம், தோட்டத்தில் சாணியிலிருந்து அடுப்பு கேஸ் எடுக்கும் கோபர் கேஸ் தொட்டி இருந்ததே, அது என்ன ஆயிற்று?

பெரியப்பா: இருக்கிறது. சிலிண்டர் சுலபமாகக் கிடைக்க ஆரம்பித்ததும் விட்டுவிட்டோம். உள்ளே ஏடு கட்டிக் காய்ந்து கிடக்கிறது. மாடு ஐந்து உருப்படி இருக்கிறது, சாணியெல்லாம் குப்பைமேட்டுக்குத்தான் போகிறது.

அண்ணன்: அப்பா, நான் இப்போதுதான் தேடிப் பார்த்தேன். 50 கிலோ சாணி தினமும் போட்டால் 2 கனமீட்டர் கேஸ் வரும், அது ஒரு கிலோ சிலிண்டர் கேஸுக்குக் கொஞ்சம் குறைவு. அம்மாவுக்கு இரண்டு வேளை சமையல் நடக்கும். கரைசல் தென்னைக்குப் போகும்.

நான்: ஒன்று மட்டும் கவனம் அண்ணா. குழாய், வால்வு எல்லாம் சோப்புத் தண்ணி தடவிப் பார்த்துத்தான் தொடங்க வேண்டும். அந்தக் கேஸும் பெரும்பாலும் மீத்தேன்தான், எரியாமல் கசிந்தால் நல்லது செய்யப் போய்க் கெடுதலாகிவிடும். மிச்சச் சாப்பாட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போடலாம், ஒரேயடியாகக் கொட்டினால் உள்ளே புளித்து கேஸ் நின்றுவிடும்.

பெரியம்மா: அந்தக் காலத்தில் நானே கரைத்து ஊற்றியிருக்கிறேன், அந்த அடுப்பில் வைத்த ரசம் இன்னும் நினைவு இருக்கிறது. ஆளை விட்டு ஏட்டைக் கிண்டி எடுக்கச் சொல்லுங்க.

அண்ணன்: மூடியைத் திறந்ததும் யாரையும் உள்ளே இறக்க வேண்டாம், விஷவாயு நிற்கும். விவரம் தெரிந்தவரை நான் கூட்டி வருகிறேன். கோயிலுக்கு இன்னொரு யோசனை. கோவையிலிருந்து நான்கு கார் வருகிறது. காங்கேயம் போய்வர ஒரு காருக்குப் பத்து லிட்டர் பெட்ரோல், நான்குக்கும் சேர்த்து சுமார் 90 கிலோ கரியமில வாயு. ஒரு டெம்போ டிராவலர் எடுத்தால் அதில் பாதிகூட வராது. சூலூர், பல்லடம் வழியாகத்தான் போகிறோம், வழியில் இருப்பவர்களும் ஏறிக்கொள்ளலாம்.

பொள்ளாச்சி அத்தை: நாங்கள் தாராபுரம் பஸ்ஸில் வந்துவிடுகிறோம், அங்கிருந்து காங்கேயத்துக்கு பஸ் இருக்கிறது. பெரியண்ணா, ஸ்டாண்டுக்கு மட்டும் யாரையாவது அனுப்புங்கள். ஏசிக்காரரை இப்போதைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், பெயிண்ட் அடிப்பவர் புதன்கிழமை வருகிறார்.

பெரியப்பா: சரி. இந்த முறை தலைக்கணக்கு சரியாக வேண்டும். வருகிறவர்கள் பெயரோடு எத்தனை பேர், குழந்தைகள் எத்தனை என்று இன்று ராத்திரிக்குள் போடுங்கள். சமையல்காரருக்கு நாளைக் காலையில் சொல்ல வேண்டும்.

திருப்பூர் சித்தப்பா: நாங்கள் ஆறு பேர், குழந்தை இரண்டு.

நான்: நாங்கள் நான்கு பேருங்க. வேனில் வருகிறோம்.