தமிழில் பேசும் சிறுவர் உளநல ஆலோசகர் யாரையாவது தெரியுமா?

வணக்கம். வெள்ளவத்தையில் என் அக்காவின் வீட்டில் மூன்று வாரங்களாகப் பொருட்கள் தாமாக விழுகின்றன என்கிறார்கள். நேற்றிரவு குசினித் தட்டிலிருந்த எவர்சில்வர் செம்பு, வாய் நெளிந்து கூடத்தின் நடுவே கிடந்தது. ஒவ்வொரு முறையும் பக்கத்தில் இருப்பவள் 13 வயது மகள்தான். தகப்பன் கட்டாருக்குப் போனதிலிருந்து பிள்ளை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

வெள்ளிக்கிழமை பேயோட்ட ஆள் வருகிறாராம். எனக்கு நெஞ்சு பதறுகிறது. இத்தகைய சம்பவங்களுக்கு அடக்கிவைத்த மனக்கொந்தளிப்பே ஊற்று என்று உளப்பகுப்பாய்வாளர் நந்தோர் போடோர் 1930களிலேயே கருதினார். 1984இல் அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில், இப்படிப் பேசப்பட்ட 14 வயதுச் சிறுமி மேசை விளக்கைத் தானே இழுத்து விழுத்தியது தொலைக்காட்சிக் கமெராவில் பதிவானது. எங்கள் பிள்ளையும் அப்படிச் செய்கிறாள் என்றே வைத்துக்கொள்வோம். அதற்காக அவளைக் கள்ளி என்று அதட்ட என்னால் முடியாது. வாயால் சொல்ல முடியாததைச் செம்பால் சொல்கிறாள்.

பொரளை சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு இதற்காக நேரே போகலாமா, வைத்தியரின் கடிதம் வேண்டுமா? பேயோட்டுவதை நிறுத்த அக்காவிடம் எப்படிப் பேசுவது? அனுபவமுள்ளவர்கள் வியாழனுக்குள் தயவுசெய்து எழுதுங்கள்.