எழுதியது நான், ஆங்கிலம் மட்டும் ஏஐ. விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்

ஈரோட்டுக்காரன்:
இங்கிலாந்தில் எம்எஸ்சி சப்ளை செயின், இரண்டாவது செமஸ்டர். 2500 வார்த்தை அசைன்மென்ட், மூன்று வாரம் உட்கார்ந்து படித்து, நோட்டில் பாதி தமிழ் பாதி இங்கிலீஷாகக் குறிப்பெடுத்து, நானே வேர்டில் எழுதினேன். என் ஆங்கிலம் எனக்கே பிடிக்காமல் கடைசியில் சாட்ஜிபிடியில் போட்டுத் திருத்தினேன். அவ்வளவுதான். நேற்று மெயில்: ஏஐ எழுதிய பகுதி 58 சதவீதம் என்று மென்பொருள் காட்டுகிறதாம், வியாழக்கிழமை விளக்கம் சொல்ல வர வேண்டுமாம். வீட்டில் கல்விக் கடன் வாங்கித்தான் அனுப்பினார்கள், அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. விசா போய்விடுமா? யாராவது இதைக் கடந்து வந்திருந்தால் சொல்லுங்கள்.

மழைக்கோட்டு:
தம்பி, முதலில் மூச்சு விடு. கூப்பிட்டதாலேயே விசா போகாது. பல்கலைக்கழகம் உன்னைப் படிப்பிலிருந்தே நீக்கினால், ஸ்பான்சர் என்ற முறையில் விசாவைப் பார்க்கும் ஹோம் ஆஃபீசுக்குச் சொல்லியாக வேண்டும், முதல் தடவைக்கு அந்த அளவுக்குப் போவது அபூர்வம். அந்த 58-ஐயும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதே. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ, ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கத் தானே செய்த கண்டுபிடிப்பானை, சரியாக வேலை செய்யவில்லை என்று 2023 ஜூலையில் மூடிவிட்டது. அடுத்த மாதமே அமெரிக்காவின் வான்டர்பில்ட் பல்கலைக்கழகம், காப்பியடித்ததைச் சோதிக்கும் டர்னிட்டின் மென்பொருளின் ஏஐ கண்டுபிடிப்பானை அணைத்தது. அதே வருடம் ஸ்டான்ஃபோர்ட் ஆட்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கண்டுபிடிப்பான்களில் போட்டுப் பார்த்தார்கள், மனிதர் எழுதியதில் சராசரியாகப் பாதிக்கு மேல் ஏஐ என்று வந்தது. சின்ன சொற்களை வைத்து நேராக எழுதுகிறோமே, அதுதான் அதன் கண்ணுக்கு மெஷின் மாதிரி தெரிகிறது.

ஸ்டூடன்ட்ஸ் யூனியனில் ஆலோசகர் இருப்பார், இலவசம், நாளைக்கே போய்ப் பார். வேர்ட் ஃபைல் ஒன்டிரைவில் இருந்தால் வெர்ஷன் ஹிஸ்டரியை (எப்போது என்ன எழுதினாய் என்ற பதிவு) எடுத்து வை.

திருத்தும்_அக்கா:
நான் பிஎச்டி செய்துகொண்டே இளையவர்களின் அசைன்மென்ட் திருத்துகிறேன், அதனால் மேஜைக்கு இந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன். மேலே அண்ணன் சொன்னதெல்லாம் சரி, ஆனால் சதவீதத்தை மட்டும் பார்த்து நாங்கள் யாரையும் கூப்பிடுவதில்லை. வகுப்பில் பேசாத விஷயம் திடீரென்று வரும், மேற்கோள் காட்டிய கட்டுரையைத் தேடினால் கிடைக்காது, அப்போதுதான் சந்தேகம் வரும். சரி, நேராகவே கேட்கிறேன்: நீ அதில் என்ன டைப் செய்தாய்? 'தப்பு எங்கே இருக்கிறது சொல்' என்றா, 'மாற்றி எழுதிக் கொடு' என்றா? இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். முதலாவதைப் பல துறைகள் அனுமதிக்கின்றன. இரண்டாவதில் வாக்கியம் உன்னுடையது இல்லை, யோசனை உன்னுடையதாக இருந்தாலும். மாட்யூல் ஹேண்ட்புக்கில் இதற்கென்று ஒரு பத்தி இருக்கும், யாரும் படிப்பதில்லை (நானும் முதல் வருடம் படிக்கவில்லை).

இன்னொன்று, a, the போடும் ஆர்ட்டிகிள் பிழைக்கெல்லாம் நாங்கள் வெட்டுவது ஒன்றிரண்டு மார்க். அதற்குப் பயந்து போய் இந்தத் தலைவலியை வாங்குகிறீர்கள்.

ஈரோட்டுக்காரன்:
அக்கா, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 'ரீரைட் இன் அகடமிக் இங்கிலீஷ்' என்றுதான் போட்டேன். முன்னுரை, அப்புறம் லிட்ரேச்சர் ரிவ்யூ (முந்தைய ஆய்வுகளை அலசும் பகுதி) முழுக்க. அது சேர்த்துக் கொடுத்த இரண்டு ரெஃபரன்ஸை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ரொறொன்ரோ_பெடியன்:
ஐயோ தம்பி, அந்த ரெண்டையும் இண்டைக்கே தேடிப் பாரும். எனக்கும் இப்பிடி ஒண்டு நடந்தது: ஆசிரியர் பெயர் உண்மை, ஜேர்னலும் உண்மை, கட்டுரை மட்டும் உலகத்திலேயே இல்லை. நல்ல காலம், சப்மிட் பண்ண முதல் நாள் இரவு நூலகத் தளத்தில் தேடினபடியால் தப்பினேன். நியூயோர்க்கில் ரெண்டு வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி சொன்ன இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்திலேயே கொடுத்து, 2023 ஜூனில் 5000 டொலர் தண்டம் கட்டச் சொல்லி உத்தரவு வந்தது. விமானக் கம்பனி வழக்கு, மாட்டா எதிர் அவியாங்கா எண்டு தேடினால் வரும். படிச்ச வக்கீலுக்கே அந்த நிலைமை.

ஈரோட்டுக்காரன்:
தேடினேன். ஒன்று இருக்கிறது, ஒன்று எங்கேயுமே இல்லை. கை நடுங்குகிறது. வெர்ஷன் ஹிஸ்டரியில் மூன்று வாரத்து எழுத்தும் இருக்கிறது, லிட்ரேச்சர் ரிவ்யூ மட்டும் ஒரே நொடியில் வந்து விழுந்ததும் அதிலேயே தெரிகிறது. அதைக் காட்டினால் எனக்கே ஆப்பு இல்லையா?

திருத்தும்_அக்கா:
காட்டு. அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீயே சொல்: எந்தப் பகுதியை ஏஐ மாற்றியது, என்ன கேட்டாய், எந்த ரெஃபரன்ஸ் பொய். சாட் இன்னும் அழியாமல் இருந்தால் பிரிண்ட் எடுத்துக்கொள். 'கிராமர் மட்டும்தான் பார்த்தேன்' என்று சொல்லிவிடாதே, அதற்கப்புறம் ஹிஸ்டரியைக் கேட்டால் நீ செய்த நிஜமான வேலையையும் நம்ப மாட்டார்கள். அந்தத் தமிழ் நோட்டையும் எடுத்துப் போ. படிக்கத் தெரியாவிட்டாலும் பார்க்கத் தெரியும். உன் வாதத்தை நோட்டைப் பார்க்காமல் பத்து நிமிடம் பேசிப் பழகு, உடைந்த ஆங்கிலமானாலும் பரவாயில்லை.

மழைக்கோட்டு:
முடிவு அநியாயம் என்று பட்டால் உள்ளேயே அப்பீல் உண்டு, அதுவும் முடிந்தால் மாணவர் புகார்களை விசாரிக்கும் தனி அமைப்பு ஓஐஏ இருக்கிறது, காசு கிடையாது. முதலில் வியாழன் போகட்டும். அப்பாவிடம் இன்று ராத்திரியே பேசிவிடு.