புதுப்பிப்பு: ஸ்விஃப்டில் அட்ஜஸ்டபிள் ஷாக் அப்சார்பர் மாட்டியாச்சு

மன்னார்குடி பக்கத்து வாய்க்கால் கரைச் சாலைகளில் என் பழைய ஸ்விஃப்ட் கார் தூக்கித் தூக்கிப் போடுகிறது, அட்ஜஸ்டபிள் ஷாக் அப்சார்பர் (வண்டியின் குதியாட்டத்தை அடக்கும் பாகம், விறைப்பை நாமே மாற்றிக்கொள்ளலாம்) போடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். நான்கு சக்கரத்துக்கும் போட்டுவிட்டேன். வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது.

ஷாக்கில் இருக்கும் திருகைத் தளர்த்தினால் உள்ளே எண்ணெய் போகும் வழி அகலமாகி ஷாக் இளகும், இறுக்கினால் விறைப்பாகும். ஊருக்குள் இளக்கமாக வைக்கிறேன். தஞ்சாவூர்–நாகப்பட்டினம் நெடுஞ்சாலை என்றால் சற்று இறுக்கிக்கொள்கிறேன். வளைவில் சாய்வது குறைகிறது. முழுசாக இறுக்க வேண்டாம், சின்னப் பள்ளம்கூட முதுகில் இடிக்கும்.

வண்டி உயருமா என்று கேட்டவர்களுக்கு: உயராது, அது ஸ்பிரிங் வேலை. நெல் மூட்டை ஏற்றினால் பின்பக்கம் முன்போலவே தாழும், ஆனால் குதியாட்டம் இல்லை. அப்புறம், முன் ஸ்ட்ரட்டை (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த முன்சக்கரப் பாகம்) கழற்றி மாட்டினால் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம் சரியா என்று கட்டாயம் பாருங்கள். இல்லையென்றால் டயர் ஒருபக்கமாகத் தேயும்.