போடிமெட்டுச் சாலையும் பழைய மூணாறுப் பாதையும் ஒன்றுதானா?

வைகைக்கரை:

என் கொள்ளுத்தாத்தா போடிநாயக்கனூரிலிருந்து மூணாறு தோட்டங்களுக்கு அரிசி மூட்டை கொண்டுபோனவர் என்று அப்பத்தா சொல்வார். ஆனால் அவர் சொன்ன வழியில் முந்தலும் இல்லை, போடிமெட்டும் இல்லை. கொட்டகுடி, குரங்கணி என்று போய், அங்கிருந்து மூட்டை கம்பியில் தொங்கிக்கொண்டு மேலே ஏறும் என்றும், மேலே ரயில் காத்து நிற்கும் என்றும் சொல்வார். மலை உச்சியில் ரயிலா என்று சிறுவயதில் நாங்கள் சிரித்திருக்கிறோம். சென்ற மாதம் மூணாறு போய்வந்தபோதுதான், அப்பத்தா சொன்ன ஊர்களில் ஒன்றுகூட நான் போன சாலையில் வரவில்லை என்பது உறைத்தது. இன்றைய தேசிய நெடுஞ்சாலை 85 பழைய பாதையின் மேல் போடப்பட்டதா, அல்லது முற்றிலும் வேறு வழியா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

மேட்டுக்காரன்:

வேறு வழிதான். முதலில் இன்றைய தடத்தைச் சொல்லிவிடுகிறேன். கொச்சியில் தொடங்கும் இந்தச் சாலை மூவாற்றுப்புழா, கோதமங்கலம் வழியாக நேரியமங்கலத்தில் பெரியாற்றைக் கடக்கிறது. அங்கிருந்து தேவியாற்றின் பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொண்டு, சீயப்பாறை, வாளறை அருவிகளை ஒட்டி அடிமாலிக்கு ஏறுகிறது. பிறகு பள்ளிவாசலில் முதிரப்புழைப் பள்ளத்தாக்குக்குள் நுழைந்து மூணாறு, தேவிகுளம், கேப் ரோடு, பெரியகானல், ஆனையிறங்கல் அணை, பூப்பாறை என்று பன்னியாற்றுப் படுகையைத் தொட்டு, போடிமெட்டில் தமிழ்நாட்டுக்குள் வருகிறது.

போடிமெட்டுதான் நீர்பிரி மேடு. அதற்கு மேற்கே விழும் மழை பன்னியாற்றின் வழியே பெரியாற்றில் சேர்ந்து அரபிக்கடலுக்குப் போகும். கிழக்கே விழுவது கொட்டகுடி ஆற்றில் இறங்கி வைகைக்கு வரும். அங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளில் சாலை முந்தலுக்கு இறங்குகிறது. அதிகாலையில் அந்த வளைவுகளில் ஏலத்தோட்டக் கூலிவேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு, இது சுற்றுலாச் சாலை என்பதைவிட வேலைக்குப் போகும் சாலை என்பது புரியும்.

எண் குழப்பமும் உண்டு. கொச்சியிலிருந்து மதுரை வழியாகத் தனுஷ்கோடி வரை சென்ற பழைய 49ஆம் எண் சாலையைப் பிரித்து, கொச்சி முதல் மதுரை, சிவகங்கை வழியாகத் தொண்டி வரை 85 என்றும், மதுரைக்குக் கிழக்கே இராமேசுவரம் செல்வதை 87 என்றும் மாற்றினார்கள். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் நாற்பத்தொன்பது என்றுதான் சொல்வார்கள்.

பழைய ஏடு:

உங்கள் அப்பத்தா சொன்னதில் பிழை ஏதும் இல்லை, ரயில் உட்பட. பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து 1877இல் ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எடுத்த பிறகு தோட்டங்கள் பெருகின. தேயிலையைக் கடலுக்குக் கொண்டுபோக அன்று எளிதான வழி கிழக்கே இருந்தது. மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே டாப் ஸ்டேஷன் வரை 1902இல் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908இல் அது இரண்டடி அகலமுள்ள சிறு ரயில் பாதையானது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் குரங்கணிப் பக்கத்துக் கீழ் நிலையத்துக்கு இறங்கும். பிறகு வண்டியில் போடி, அதன்பின் தூத்துக்குடித் துறைமுகம். போடிக்கே ரயில் வந்தது 1928இல்தான் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், ஊருக்கு ரயில் வருவதற்கு இருபது ஆண்டுகள் முன்பே மலைமேல் ரயில் ஓடியிருக்கிறது. நீங்கள் சிரித்ததில் வியப்பில்லை.

இதற்கெல்லாம் முடிவு 1924 ஜூலையில் வந்தது. கொல்லம் ஆண்டு 1099இல் நிகழ்ந்ததால் கேரளத்தில் இன்றும் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்றே அதைச் சொல்கிறார்கள். ரயில் பாதை அடித்துச் செல்லப்பட்டது; திரும்பக் கட்டவே இல்லை. ஆனால் அந்த வெள்ளத்தில் மேற்கே இருந்த சாலையும் போனது என்பதுதான் உங்கள் கேள்விக்கு முக்கியம். ஆலுவாயிலிருந்து கோதமங்கலம், பூயங்குட்டி, மாங்குளம் வழியாக மூணாறு வந்த அந்தச் சாலை மலைச்சரிவில் சிதைந்தபின், அதைப் பழுதுபார்ப்பதை விட்டு நேரியமங்கலம், அடிமாலி வழியே புதுத்தடம் அமைத்தார்கள். நேரியமங்கலம் வளைவுப் பாலம் 1935இல் திறக்கப்பட்டது. 1940இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபோது அந்தத் தடமே நிலைத்துவிட்டது. ஆக, மூணாற்றின் முகம் கிழக்கிலிருந்து மேற்குக்குத் திரும்பியதற்கு அந்த ஒரு மழைக்காலம் பெரும் காரணம் என்பது என் கருத்து.

மேட்டுக்காரன்:

ஒன்றைச் சேர்க்கிறேன். புதுத்தடம் என்பதால் அது மலையின் கோபத்துக்குத் தப்பியது என்று எண்ண வேண்டாம். மூணாறு முதல் போடிமெட்டு வரை சுமார் 42 கி.மீ. சாலையை அகலப்படுத்தியபோது, 2019, 2020 ஆண்டுகளில் கேப் ரோட்டில் பாறை சரிந்து போக்குவரத்து நின்றது. செங்குத்துப் பாறையை வெடிவைத்து உடைத்து அகலம் கூட்டினால் மேலே உள்ள சரிவு சும்மா இருக்காது. இன்று அந்த இடத்தில் வண்டி ஓட்டுவது சுகம்தான். ஆனால் ஒரு பக்கம் பச்சையாகத் தேயிலை, மறுபக்கம் புல்கூட முளைக்காத சிவந்த வெட்டு. மழை நாளில் அந்தப் பக்கம் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பவர்களைக் கண்டால் எனக்குக் கலக்கமாக இருக்கும்.

வைகைக்கரை:

இருவருக்கும் நன்றி. அப்பத்தா இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அந்த ரயிலின் தடயம் ஏதாவது இன்னும் இருக்கிறதா?

பழைய ஏடு:

மூணாறில் ரயில் நிலையமாக இருந்த கட்டடம் பின்னாளில் தேயிலை நிறுவன அலுவலகமாக மாறியது. நிறுத்திக் கேட்டால் ஊர்க்காரர்கள் காட்டுவார்கள். டாப் ஸ்டேஷன் என்ற பெயரே ஒரு தடயம்தான், ரயில் இல்லாத ஊருக்கு ஸ்டேஷன் என்று பெயர். மேற்கே கைவிடப்பட்ட பழைய ஆலுவாய்ச் சாலை பூயங்குட்டிக் காட்டுக்குள் கிடக்கிறது. அதைத் திரும்பத் திறக்கக் கேட்பவர்கள் இருக்கிறார்கள், காடு கெடும் என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். கொள்ளுத்தாத்தா போன வழியைப் பார்க்க விரும்பினால் போடியிலிருந்து குரங்கணி வரை வண்டியில் போகலாம். அதற்கு மேல் காட்டுப் பாதை. 2018 மார்ச்சில் அங்கே தீயில் மலையேறச் சென்றவர்கள் இறந்தது நினைவிருக்கும். வனத்துறையின் அனுமதி வாங்காமல் ஏறாதீர்கள்.