பங்குனி உத்திரமும் ஈஸ்டரும் சில ஆண்டுகளில் மட்டும் ஏன் ஒரு மாதம் விலகி நிற்கின்றன?

கேள்வி: அஸ்தம்பட்டி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். மார்ச், ஏப்ரல் மாதங்களில் உலகெங்கும் வரும் விழாக்களை ஒரே அட்டையில் எழுதி வகுப்பறைச் சுவரில் ஒட்டலாம் என்று தொடங்கினேன். நாட்டு விழாக்களில் சிக்கல் ஏதும் இல்லை. கானாவின் விடுதலை நாள் மார்ச் 6, மொரிசியஸுக்கு மார்ச் 12, வங்கதேசத்துக்கு மார்ச் 26 என்று அவை ஆண்டுதோறும் அசையாமல் நிற்கின்றன. சமயத் திருநாட்களில்தான் மாட்டிக்கொண்டேன். பங்குனி உத்திரமும் ஈஸ்டரும் 2023-இல் ஏப்ரல் 5, 9 எனவும், 2024-இல் மார்ச் 25, 31 எனவும், 2025-இல் ஏப்ரல் 11, 20 எனவும் அடுத்தடுத்து வந்திருப்பதைக் கண்ட ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "அப்படியானால் 2022-இல் மட்டும் ஏன் டீச்சர், உத்திரம் மார்ச் 18, ஈஸ்டர் ஏப்ரல் 17?" என்று கேட்டுவிட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லி நான்கு நாட்கள் ஆகின்றன.

மறுமொழி: செவ்வாய்ப்பேட்டை, பணி ஓய்வு பெற்றவர்

அம்மா, அந்தப் பெண்ணுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். இரண்டு விழாக்களும் முழுநிலவைப் பற்றிக்கொண்டவையே. ஆனால் எந்த நாளுக்குப் பிறகு வரும் முழுநிலவு என்பதில்தான் வேறுபாடு. நமக்குப் பங்குனி மாதம் பிறந்தால் போதும், அதாவது மார்ச் 14 அல்லது 15-க்குப் பிறகு உத்திர நட்சத்திரத்தை ஒட்டி வரும் பௌர்ணமி நமக்குரியது. திருச்சபையோ மார்ச் 21-ஐ எல்லையாக வைத்து, அன்றோ அதற்குப் பின்னோ வரும் முதல் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையை ஈஸ்டராகக் கொள்கிறது. ஆகவே அது மார்ச் 22-க்கு முன்னும் வராது, ஏப்ரல் 25-க்குப் பின்னும் வராது. இடைப்பட்ட அந்த ஆறேழு நாட்களுக்குள் பௌர்ணமி விழுந்துவிட்டால் நாம் அதை எடுத்துக்கொள்கிறோம், அவர்கள் அடுத்த முழுநிலவு வரை காத்திருக்கிறார்கள். 2022-இல் நடந்தது இதுதான்.

ஹோலி வேறு கணக்கு. அது சந்திர மாதமான பால்குனத்தின் பௌர்ணமி. 2024-இல் அது உத்திரத்தோடு ஒரே நாளில் வந்தது. 2025-இல் மார்ச் 14 அன்றே, நமக்கு மாசி முடியும் தறுவாயில், வந்துவிட்டது. ரம்ஜானுக்கு இந்தப் பருவக் கட்டே கிடையாது. இஸ்லாமியச் சந்திர ஆண்டு 354 நாள் என்பதால் ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினொரு நாள் முன்னேறி, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் ஒரு சுற்றுச் சுற்றிவிடும். 2025-இல் மார்ச் 30 யுகாதி, மறுநாள் ரம்ஜான். எங்கள் தெருவில் தெலுங்கு பேசும் வீட்டிலிருந்து வேப்பம்பூப் பச்சடி வந்த கிண்ணம் கழுவி வைக்கப்படுவதற்குள் எதிர்வீட்டுப் பிரியாணி வந்து சேர்ந்தது. உங்கள் அட்டையில் ரம்ஜானைப் பென்சிலால் எழுதுங்கள்.

மறுமொழி: ஏற்காடு, காப்பித் தோட்டத்துக்காரர்

ஐயா சொன்ன கணக்கை நாங்கள் வேறு விதமாக அறிவோம். ஈஸ்டருக்கு முந்திய ஞாயிறு குருத்தோலைப் பவனி. மலையின் இந்த உயரத்தில் தென்னை சரியாக வராததால் சேலத்திலிருந்து வரும் வண்டியில் ஓலைக்குச் சொல்லி வைக்க வேண்டும், ஆகவே ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் என்றைக்கு என்று காலண்டர் வந்தவுடனேயே பார்த்துவிடுவோம். ஈஸ்டர் மார்ச்சில் வந்தால் பெரும்பாலும் கோடை மழைக்கு முன். ஏப்ரலில் வந்தால், மழை பெய்து எட்டுப் பத்து நாளில் காப்பிச் செடிகள் வெள்ளைவெளேரென்று பூத்து, மல்லிகை போன்ற மணம் கோயில் வாசல் வரை வரும். ஆசிரியை அம்மா இன்னொன்றையும் சேர்க்கலாம்: கிழக்குத் திருச்சபைகள் பல இன்னும் பழைய ஜூலியன் நாட்காட்டியைக் கொண்டே ஈஸ்டரைக் கணிப்பதால் அவர்களுடையது பெரும்பாலும் பிந்தி வரும், 2025-இல் இரு சாராருக்கும் ஏப்ரல் 20 ஒன்றாகவே அமைந்தது.

மறுமொழி: அம்மாப்பேட்டை, முன்பு துபாயில்

நவ்ரூஸை விட்டுவிடாதீர்கள். ஈரானியப் புத்தாண்டு, பகலும் இரவும் சமமாகும் அந்த நொடியில், மார்ச் 20 அல்லது 21-இல் பிறக்கிறது. அது நள்ளிரவானாலும் விழித்திருந்து வரவேற்பார்கள். என் அறைத் தோழர் ஈரானியர். இரண்டு வாரத்துக்கு முன்பே ஒரு தட்டில் கோதுமையை ஈரத்துணிக்கடியில் முளைக்கப் போட்டுவிடுவார். பூண்டு, ஆப்பிள், வினிகர் என்று பாரசீகத்தில் ஒரே எழுத்தில் தொடங்கும் ஏழு பொருட்களில் அந்த முளையும் ஒன்று. பதின்மூன்றாம் நாள் அதை எடுத்துச் சென்று ஓடும் நீரில் விட வேண்டும். துபாயில் ஓடும் நீருக்கு எங்கே போவது? ஊருக்குள் நீளும் ‘கிரீக்’ என்ற கடற்கழியின் கரையில் அவர் அதை விட்டபோது, மாரியம்மன் திருவிழாவில் முளைப்பாரி கரைத்ததுதான் என் நினைவுக்கு வந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று சொல்ல வரவில்லை. கண்ணுக்கு ஒன்றுபோல் இருந்தது, அவ்வளவுதான்.

கேள்வியாளர்: அஸ்தம்பட்டி ஆசிரியை

மிக்க நன்றி. ஐயா, ஓர் ஐயம். 2019-இல் உத்திரம் மார்ச் 21 அன்றே வந்திருக்கிறது. உங்கள் விதிப்படி திருச்சபை அதை ஏற்றிருக்க வேண்டுமே? ஆனால் ஈஸ்டர் ஏப்ரல் 21. மேலும், ஈரானியருக்கு மார்ச்சில் பிறக்கும் ஆண்டு நமக்கு ஏப்ரல் 14 வரை ஏன் காத்திருக்கிறது?

மறுமொழி: செவ்வாய்ப்பேட்டை, பணி ஓய்வு பெற்றவர்

திருச்சபை வானத்தைப் பார்ப்பதில்லை, 19 ஆண்டுச் சுழற்சி கொண்ட அட்டவணையைப் பார்க்கிறது. அதில் அந்த மாத முழுநிலவு மார்ச் 20 என்று விழுந்ததால் ஒரு நாள் வித்தியாசத்தில் தள்ளுபடியாகிவிட்டது.

இரண்டாவது கேள்விக்கு விடை: நம் ஆண்டு நட்சத்திரங்களை வைத்து அளக்கப்படுவது, பருவங்களை வைத்து அளக்கப்படும் ஆண்டைவிட ஏறக்குறைய 20 நிமிடம் நீளமானது. 72 ஆண்டுகளில் அது ஒரு நாளாகும். ஏறத்தாழ 1,700 ஆண்டுகளில் 24 நாள் சேர்ந்து, சம இரவு நாளையொட்டிப் பிறந்த சித்திரை இப்போது ஏப்ரல் நடுவில் நிற்கிறது. மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம் என்று படித்துவிட்டு, பங்குனி வெயிலில் சேலம் கடைவீதியில் நடப்பவர்களுக்கு வரும் சந்தேகத்திலும் இந்த 24 நாளுக்குப் பங்கு உண்டு.